வேனில் குடியிருக்கப் போகும் தம்பிக்கு

தம்பி, ஆஸ்திரேலியாவில் ஒரு வருஷம் சுற்றிக்கொண்டே வேலை பார்க்கிற 462 விசாவுக்கான குலுக்கலில் பெயர் வந்துவிட்டது, மெல்பர்னில் இறங்கியதும் பழைய வேன் ஒன்று வாங்கி ஒரு வருஷம் அதிலேயே தங்கி ஊர் ஊராக வேலை பார்க்கலாமா, வாடகை மிச்சமாகுமா, சோலார் எத்தனை வாட் போட வேண்டும், வீடியோ எடுக்க எந்தக் கேமரா நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் வாழ்த்துகள். நம்மவர்களுக்கு வருஷத்துக்கு 1000 இடம்தான். முதல் குலுக்கலே 2024 அக்டோபரில்தான் நடந்தது. நான் வந்த காலத்தில் சுற்றிக்கொண்டே வேலை பார்க்கிற விசா ஜெர்மன்காரப் பையனுக்கு உண்டு, கொரியாக்காரப் பெண்ணுக்கு உண்டு, நமக்குக் கிடையாது. நாங்களெல்லாம் படிக்கிறோம் என்று சொல்லித்தான் உள்ளே வந்தோம்.

கேமரா, சோலார் இரண்டையும் வேறு யாரிடமாவது கேளுங்கள். 2012இல் ஏழு மாதம் நான் வேனில் இருந்தபோது என்னிடம் இருந்த மின்சாரமெல்லாம் சிகரெட் லைட்டர் துளையில் செருகுகிற போன் சார்ஜர் மட்டும்தான். வண்டி வாங்குவது, ராத்திரி நிறுத்துவது, காலையில் ஒதுங்குவது, இந்த மூன்றைப் பற்றி வேண்டுமானால் விடிய விடியச் சொல்வேன்.

2009இல் மாணவனாக மெல்பர்ன் வந்தவன் நான். படிப்பு முடிந்து, படித்தவர்கள் கொஞ்ச காலம் தங்கி வேலை பார்க்கத் தருகிற 485 விசா கையில் இருந்தது, வேலை இல்லை. இரண்டு படுக்கையறை வீட்டில் ஆறு பேர் இருந்தோம். லீஸ் முடிந்து ஆளுக்கொரு பக்கம் போனபோது, ஷெப்பர்ட்டன் என்ற பழத்தோட்ட ஊரில் பேரிக்காய் பறிக்க ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வேன் வாங்கினேன். 1994 மாடல் டொயோட்டா ஹைஏஸ், 3,200 டாலர். விற்றவன் ஊருக்குத் திரும்பும் அவசரத்தில் இருந்த ஒரு பயணி. வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானது என்கிற ரோட்வொர்த்தி சான்றிதழ் இல்லாமல் எடுத்துக்கொண்டால் 500 டாலர் குறைப்பதாகச் சொன்னான், தலையை ஆட்டிவிட்டேன். மெல்பர்ன் இருக்கிற விக்டோரியா மாநிலத்தில் ரெஜோ, அதாவது பதிவு, உள்ள வண்டியை விற்பவர்தான் அந்தச் சான்றிதழை வாங்கித் தர வேண்டும், அது இல்லாமல் பெயர் மாறாது என்று எனக்குத் தெரியவந்தபோது அவன் விமானத்தில் இருந்தான். டயர், பிரேக், முன்பக்க ஜாயின்ட் எல்லாம் மாற்றிச் சான்றிதழ் வாங்க 1,100 டாலர் ஆயிற்று. நான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவன் என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன்.

அதோடு விட்டதா? ஷெப்பர்ட்டன் முடிந்து திராட்சை பறிக்க மில்டுரா போகும் வழியில், கெராங் என்ற சின்ன ஊருக்கு முன்னால் டெம்பரேச்சர் முள் மேலே ஏறி அங்கேயே நின்றுவிட்டது. இன்ஜினில் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. நான்கு நாள் அந்த ஊர் மெக்கானிக் ஒருவரின் கடை முற்றத்திலேயே வேனுக்குள் தூங்கினேன், நல்ல மனுஷன், ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் நாள் காலை நான் பல் துலக்கிவிட்டு வருவதற்குள் வண்டியை லிப்டில் ஏற்றிவிட்டார். என் மெத்தை, அரிசி மூட்டை, பாஸ்போர்ட், மாற்று உடுப்பு எல்லாம் ஆறடி உயரத்தில். இடுப்பில் கைலி, வாயில் நுரையோடு நான் கீழே. அன்று மதியம் வரைக்கும் கைலியோடுதான் அந்தக் கடையில் உட்கார்ந்திருந்தேன்.

அதனால், வாங்குமுன் ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப்போய் காட்டுங்கள். 200, 300 டாலர் கேட்டாலும் கொடுங்கள். வண்டி மேல் யாருக்காவது கடன் பாக்கி இருக்கிறதா என்று பிபிஎஸ்ஆர் என்ற அரசாங்கத் தளத்தில் பாருங்கள், 2 டாலர்தான். இன்னொன்று: ரெஜோவோடு வருகிற காப்பீடு ஆளுக்கு அடிபட்டால் மட்டும்தான். அடுத்தவன் பென்ஸில் இடித்தால் அந்தச் செலவு உங்கள் தலையில். தர்ட் பார்ட்டி ப்ராப்பர்ட்டி என்று தனியாக எடுக்க வேண்டும். இதை எடுக்காமல் ஓட்டுகிற நம் பையன்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் வயிற்றைக் கலக்கும்.

வாடகை மிச்சமாகுமா என்று கேட்டீர்கள். மில்டுராவில் எனக்கு வேலை கொடுத்த கான்ட்ராக்டர், வேனைத் தோட்டத்து ஓரமாக நிறுத்திக்கொள்வதற்கும் ஒரு குழாய்க்கும் வாரம் 70 டாலர் பிடித்துக்கொண்டார். வாடகை வேண்டாம் என்று வேன் வாங்கியவன் வேனுக்கு வாடகை கொடுத்தேன். கூலியும் பெட்டிக் கணக்கு, பறித்து நிரப்பிய பெட்டிக்கு இவ்வளவு என்று. 41 டிகிரி வெயிலில் நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்தாலும், டீசல் போடத்தான் சரியாக இருக்கும். இப்போது சட்டப்படி அப்படிச் செய்ய முடியாது. 2022 ஏப்ரல் 28 முதல், பெட்டிக் கணக்கில் வேலை செய்தாலும் மணிக்கணக்கில் குறைந்தபட்சக் கூலி தந்தே ஆக வேண்டும் என்று விதி மாறிவிட்டது. எத்தனை மணி நேரம் வேலை செய்தீர்கள் என்று நீங்களும் தினமும் எழுதி வையுங்கள். ஏமாற்றுகிற கான்ட்ராக்டர் வெள்ளைக்காரனாகத்தான் இருப்பான் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு வாய்த்தவர் நம் பக்கத்து மாநிலத்துக்காரர்.

சரி, ராத்திரிக்கு வருவோம். கடற்கரை ஊர்களில் வண்டிக்குள் தூங்கினால் அபராதம் என்று பல கவுன்சில்களில், நம்மூர் நகராட்சி மாதிரி, பலகையே வைத்திருப்பார்கள். விடிகாலை ஐந்து மணிக்கு கவுன்சில் ஆளான ரேஞ்சர் வந்து டார்ச்சால் கண்ணாடியைத் தட்டுவார். அந்தச் சத்தம் ஒரு தடவை கேட்டால் போதும், அப்புறம் பக்கத்தில் பூனை நடந்தாலும் எழுந்து உட்காருவீர்கள். சமைத்த இடத்தில் தூங்காதீர்கள், தூங்கிய இடத்தில் சமைக்காதீர்கள். இருட்டிய பிறகு போய் நிறுத்தி, விடிவதற்குள் கிளம்புங்கள். உள்நாட்டு ஊர்களில் இந்தத் தொல்லை குறைவு. ஊர்த் திருவிழாத் திடல் மாதிரி ஷோகிரவுண்ட் இருக்கும், கொஞ்சக் காசுக்கு இடமும் வெந்நீர்க் குளியலும் கிடைக்கும். நெடுஞ்சாலை ஓய்விடங்களும் உண்டு, எத்தனை மணி நேரம் நிற்கலாம் என்று பலகையில் போட்டிருக்கும். அதை மட்டும் படித்துவிட்டுப் படுங்கள்.

குளிர்காலத்தில் கண்ணாடியை முழுசாக ஏற்றிவிட்டுத் தூங்காதீர்கள். நாம் விடுகிற மூச்சே கூரையில் முத்து முத்தாகக் கோத்து, விடியும்போது மூக்கில் சொட்டும். ஒரு விரல் அளவு திறந்து வைத்து, அதில் கொசுவலைத் துணியை ஒட்டுங்கள். கேஸ் அடுப்பை எக்காரணம் கொண்டும் கதவை அடைத்துக்கொண்டு உள்ளே பற்றவைக்காதீர்கள், குளிர்காயவும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

தண்ணீர் பிடிக்கும்போது குழாயின் நிறத்தைப் பாருங்கள். ஊதா நிறமென்றால் மறுசுழற்சித் தண்ணீர், குடிக்கக் கூடாது. நான் ஒரு வாரம் அதில் காபி போட்டிருக்கிறேன். கழிப்பறைக்கு இந்த ஊர் அரசாங்கமே நாடு முழுக்க எங்கெங்கே இருக்கிறது என்று வரைபடம் வைத்திருக்கிறது, அதை இறக்கிக்கொள்ளுங்கள். வேனில் இருப்பவனுக்கு நாள் அதில்தான் தொடங்குகிறது. தண்ணீர், கழிப்பறை, ஐஸ், ராத்திரிக்கு இடம் என்று தேடி அலைந்ததுபோக மீதி நேரத்தில்தான் அந்த ‘சுதந்திரம்’ எல்லாம். ஒரு லட்சம் டாலர் வண்டியில் வெள்ளைத் திரைச்சீலை கட்டி, நாய்க்குட்டியோடு காபி குடிக்கிற வீடியோவைப் பார்த்துவிட்டு வராதீர்கள். வீடியோவிலிருந்து அவர்கள் வெட்டி எறிந்ததுதான் நிஜம். இப்போதெல்லாம் நான் இருக்கிற பெர்த்தில் வாடகைக்கு வீடு கிடைக்காமல் பிள்ளை குட்டிகளோடு காரில் படுப்பவர்களைக் கடற்கரைக் கார் பார்க்கில் பார்க்கிறேன். அவர்கள் யாரும் வீடியோ போடுவதில்லை.

சாப்பாடு. பூங்காக்களில் இலவச மின்சார அடுப்பு இருக்கும், பார்பிக்யூ. பொத்தானை அழுத்தினால் எஃகுத் தட்டு சூடாகும், பத்துப் பதினைந்து நிமிஷத்தில் தானாக அணையும், மறுபடி அழுத்த வேண்டும். மில்டுரா வெயிலில் வேனுக்குள் மாவு நாலே மணி நேரத்தில் பொங்கிவிடும். அந்தத் தட்டில் தோசை வார்த்தேன். நமக்கு முன்னால் சுட்டவர்களின் சாசேஜ் கொழுப்பை வெங்காயத்தை நறுக்கித் தேய்த்து எடுக்க வேண்டும், அது ஒரு பாடு. அதைவிட, கொழுப்பு வடிவதற்காகத் தட்டு நடுவில் தாழ்ந்து, அங்கே ஒரு ஓட்டை வேறு இருக்கும். ஊற்றிய மாவெல்லாம் பள்ளத்தைப் பார்த்து ஓடியது, முதல் தோசை முழுசாக ஓட்டைக்குள் போயிற்று. ஓட்டையில் ஒரு உருளைக்கிழங்குத் துண்டைச் செருகி அடைத்து, ஓரத்திலிருந்து வார்த்தேன். பக்கத்தில் நின்ற வயசான தம்பதிக்கு இரண்டு கொடுத்தேன், அந்தம்மா மேப்பிள் சிரப் ஊற்றிச் சாப்பிட்டார்.

அம்மாவிடம் வேனில் இருக்கிறேன் என்று ஒருநாள் உளறிவிட்டேன். ‘வேனா? யார்டா டிரைவரு? எத்தனை பேர் போறீங்க?’ என்றார். ஊரில் வேன் என்றால் திருச்செந்தூர் போவதுதானே. மெல்பர்னில் இருந்த தூரத்துச் சொந்தம் ஒருவர், இந்த விஷயம் ஊருக்குத் தெரிந்தால் எனக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள் என்று கவலைப்பட்டார். ஒருநாள் வந்து குளித்துவிட்டுப் போ என்று மட்டும் அவர் வாயில் வரவில்லை. அப்படிச் சொன்னது மெல்பர்ன் புறநகர் டாண்டினாங்கில் இருந்த ஒரு யாழ்ப்பாணத்து அக்கா. முன்பின் தெரியாதவர், மளிகைக் கடையில் பார்த்த பழக்கம். தபாலுக்கு அவர் வீட்டு முகவரியைத்தான் கொடுத்திருந்தேன். உங்களுக்கும் அப்படி ஒரு முகவரி கட்டாயம் வேண்டும். வங்கி, டாக்ஸ் ஃபைல் நம்பர், லைசென்ஸ் எல்லாமே முகவரி கேட்கும். முதலில் நான் கொடுத்திருந்த பழைய வீட்டு முகவரிக்கு ஒரு டோல் ரசீது போய், நான் பார்க்காமலே அபராதமாக வளர்ந்த கதையும் உண்டு.

ஆகஸ்டில் பெர்த்தில் வேலை கிடைத்துக் கிளம்பியபோது, அந்த அக்கா மைலோ டப்பாவில் ஒரு கறிவேப்பிலைக் கன்று கொடுத்தார். நல்லர்பார் என்ற மரமில்லாச் சமவெளி வழியாகப் போனேன். ஒரு இடத்தில் 146 கிலோமீட்டருக்கு ஸ்டியரிங்கைத் திருப்ப வேலையே இல்லாத நேர்ரோடு. கங்காருவுக்குப் பயந்து சாயங்காலம் நான்கரைக்கெல்லாம் ஓரம் கட்டிவிடுவேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள். மேற்கு ஆஸ்திரேலியா எல்லையில் காய், பழம், தேன் எதையும் விட மாட்டார்கள் என்று தெரியும். முந்தின ராத்திரி இருந்த காயெல்லாம் போட்டு ஒரு சாம்பார் வைத்தேன். கன்றை மட்டும் பின்சீட்டுக்கு அடியில் வைக்க மனசு வரவில்லை, முன்சீட்டிலேயே வைத்து, பெல்ட்டும் போட்டிருந்தேன். அந்த அதிகாரி அம்மா ஒரு இலையைக் கசக்கி முகர்ந்துவிட்டு, எலுமிச்சை ஆரஞ்சு குடும்பம், மண்ணும் இருக்கிறது, மன்னிக்கணும் என்று சொல்லி ஒரு மஞ்சள் பைக்குள் போட்டார். சாம்பாரை விட்டுவிட்டார். அந்தப் பக்கம் யூக்லாவில் கடிகாரத்தை முக்கால் மணி நேரக் கணக்கில் வேறு மாற்றச் சொல்வார்கள், எனக்கு அன்றைக்கு மணி என்ன என்றே தெரியவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்தி, கறிவேப்பிலை போட்ட கடைசிச் சாம்பாரைச் சட்டியோடு குடித்தேன்.

பெர்த் பக்கம் வந்தால் சொல்லுங்கள். கேனிங் வேலில் வீடு, டிரைவ்வேயில் ஹைஏஸ் நிற்கிற அளவு இடம் இருக்கிறது, பின்பக்கம் குழாயும் உண்டு, ஊதா இல்லை. கறிவேப்பிலை மட்டும் எடுத்து வராதீர்கள், இங்கே மரமே நிற்கிறது.