செக்ரட்டரி பறவை: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: அண்ணா, இந்த ஆப்பிரிக்கப் பறவை பார்க்க நாரை மாதிரி இருக்கிறதே, நிஜமாகவே வேட்டைப் பறவைதானா?

பதில்: நீளக் காலைப் பார்த்துத்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள், முகத்தைப் பாருங்கள். கழுகுக்குரிய வளைந்த அலகு, கண்ணைச் சுற்றி ஆரஞ்சுத் தோல். கழுகு, பருந்துக்குச் சொந்தம்தான் என்றாலும் தனிக் குடும்பம், அதில் இன்று மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான்.

கேள்வி: பாம்பு மட்டும்தான் தின்னுமா?

பதில்: இல்லை. வெட்டுக்கிளி, எலி, பல்லிதான் அன்றாடச் சாப்பாடு, பாம்பு எப்போதாவதுதான். வீடியோ போடுகிறவர்களுக்கு இது பாம்பை உதைத்துக் கொல்வதுதான் பிடிக்கும், வெட்டுக்கிளி பிடிக்காது, அவ்வளவுதான்.

கேள்வி: நாகத்தை உதைக்கும்போது கடி படாதா சார்?

பதில்: கடிக்க நேரம் கொடுத்தால்தானே! 2016-ல் இங்கிலாந்தில், பழக்கப்படுத்திய ஒரு பறவையை ரப்பர் பாம்பை உதைக்கவிட்டு அளந்தார்கள். உதையின் விசை அதன் உடல் எடையைப் போல ஐந்து மடங்கு, கால் பட்டு விலக ஆன நேரம் சுமார் 15 மில்லி விநாடி. கால் அவ்வளவு நீளம் என்பதால், பட்டதை உணர்ந்து அந்த உதையையே திருத்திக்கொள்ள நேரமில்லை. கண்ணால் குறி பார்த்து முன்கூட்டியே தீர்மானித்த உதை அது, தப்பினால் அடுத்ததில்தான் சரிசெய்ய முடியும். குறி பெரும்பாலும் தலைதான்.

கேள்வி: பறக்கவே பறக்காதா?

பதில்: நன்றாகப் பறக்கும், சிறகு விரித்தால் இரண்டு மீட்டர். ஆனால் பகலெல்லாம் நடைதான், இருபது கிலோமீட்டருக்கு மேலும் நடக்கும். இருட்டினால் வேல மரத்து உச்சிக்குப் போய்விடும்.

கேள்வி: கூடு, குஞ்சு பற்றி?

பதில்: அதே மாதிரி தட்டையான முள்மர உச்சியில் குச்சிக் கூடு. ஒன்று முதல் மூன்று முட்டை, சுமார் 45 நாள் அடை. இரை தொண்டைப் பையில் வரும், குஞ்சுக்குக் கக்கி ஊட்டுவார்கள், தாயும் தகப்பனும் இரண்டு பேரும்தான். மூன்று பொரித்தால் கடைக்குட்டி பெரும்பாலும் பட்டினியில் போய்விடும்.

கேள்வி: கென்யாவில் மசாய் மாரா காப்பகத்துக்குப் போகிறோம், எங்கே தேடுவது?

பதில்: முழங்கால் உயரத்துக்குக் கீழே புல் இருக்கும் வெட்டவெளியில் தேடுங்கள், தீ எரிந்து அடங்கிய இடமென்றால் இன்னும் நல்லது. உயரமான புல்லிலும் புதரிலும் அதற்கு இரை தெரியாது. புல்வெளி வயலாகவும் புதராகவும் மாறுவதால்தான் எண்ணிக்கை சரிந்து, 2020-ல் அருகிவரும் இனங்களின் பட்டியலுக்குப் போனது. அப்புறம், கண்ணில் பட்டால் வண்டியைத் தள்ளி நிறுத்தச் சொல்லுங்கள், நெருங்கினால் விலகிப் போய்விடும்.