கத்தாமல் கெண்டோ கற்க முடியுமா?

அன்புள்ள அக்கா,

தோக்கியோவில் நிஷிகசாயில் இருக்கிறோம். கணவருக்கு ஐடி வேலை, நான் பகுதி நேரமாக ஓர் அலுவலகத்துக்குப் போய்வருகிறேன். எட்டு வயது மகன் பக்கத்து விளையாட்டு அரங்கில் நடக்கும் கெண்டோ (மூங்கில் வாளால் பழகும் ஜப்பானிய வாள்சண்டை) குழுவில் சேர்ந்திருக்கிறான். வாரம் இரண்டு நாள் அவனைக் கூட்டிப்போய்ச் சுவரோரம் உட்கார்ந்திருப்பேன். போன வாரம் அங்கிருக்கும் வயதான சென்செய் (ஆசிரியர்), "அம்மாவும் சேரலாமே" என்றார். சிரித்து மழுப்பிவிட்டேன். அன்றிலிருந்து அதே யோசனை. எனக்கு 39 வயது. பள்ளிக்கூடத்துக்குப் பிறகு எந்த விளையாட்டும் கிடையாது. வலது முழங்காலில் கொஞ்சம் வலி உண்டு. ஜப்பானிய மொழி கடைக்கும் மருத்துவமனைக்கும் போய்வரும் அளவுதான். அடி பலமாக விழுமா? செலவு எவ்வளவு ஆகும்? யோகோஹாமாவில் இருந்தபோது கெண்டோ பழகியதாக நீங்கள் எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன்.

பி.கு.: எல்லாரும் அப்படிக் கத்துகிறார்களே, அது கட்டாயமா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

வயது, முழங்கால், மொழி, அடி, செலவு என்று ஐந்தை மேலே வைத்துவிட்டு, உங்களை நிஜமாக உறுத்துவதைப் பின்குறிப்பில் போட்டிருக்கிறீர்கள். முதல் ஐந்தையும் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன்.

கெண்டோ உலகில் 39 சின்ன வயசு. அதில் தரநிலைகளுக்கு 'தான்' என்று பெயர். முதலாம் 'தான்' தேர்வுக்கு 13 வயதில் உட்காரலாம். எட்டாம் தானுக்கு உட்காரவே 46 வயது ஆகியிருக்க வேண்டும். ஏழாம் தான் வாங்கிப் பத்து வருடம் பழகியிருக்கவும் வேண்டும். அப்படிப் பழகிவிட்டு வருகிறவர்களிலும் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான் தேறுகிறார்கள். எழுபது தாண்டியவர்கள் கவசம் மாட்டிக்கொண்டு வாலிபர்களைத் திணறடிப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். உங்கள் சென்செய் "இந்த வயதில் இவளுக்கு எதற்கு" என்று நினைத்துக் கூப்பிட்டிருக்க மாட்டார். இன்னும் முப்பது வருடம் பழக ஒரு ஆள் கிடைக்கிறது என்றுதான் கணக்குப் போட்டிருப்பார்.

உடம்பைப் பொறுத்தவரை முழங்காலைவிட நான் பயப்படுவது இடது குதிகாலுக்கு. கெண்டோவில் பெரும்பாலும் வலது கால் முன்னே, இடது கால் பின்னே. இடது குதிகால் தரையில் படாமல் லேசாகத் தூக்கியே இருக்கும். அந்தக் காலால் உந்தித்தான் பாய வேண்டும். பெரிய வயதில் பழகுகிறவர்களுக்கு இடது குதிகாலுக்கு மேலே இருக்கும் அக்கிலிஸ் தசைநார் அறுந்துபோவது இந்த விளையாட்டில் எல்லாருக்கும் தெரிந்த காயம். பிள்ளைகள் வந்ததும் குதிக்க ஆரம்பிப்பார்கள், அவர்களோடு சேர்ந்து குதிக்காதீர்கள். கொஞ்சம் முன்னதாகவே போய்க் கெண்டைக்காலை நன்றாக நீட்டித் தளர்த்துங்கள். பாயும்போது தரையில் அறைந்து இறங்குவது வலது கால் என்பதால் அந்த முழங்காலை எலும்பு மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். மண்டியிட்டு உட்காரும் செய்ஸாவும், ஆட்டத்துக்கு முன்பு குந்தி எழும் சொன்க்யோவும் வலித்தால் முதல் நாளே சொல்லிவிடலாம். முழங்கால் சரியில்லாத பெரியவர்கள் நின்றபடியே வணங்குவது அங்கே சகஜம்.

செலவு பயந்த அளவுக்கு இருக்காது. முதலில் வேண்டியது ஒரு ஷினாய், அதாவது நாலு மூங்கில் பட்டைகளைச் சேர்த்துக் கட்டிய வாள். 3,000 யென் சுமாருக்கு நல்லதாகவே கிடைக்கும். பெரியவர்களுக்கு 39 என்ற அளவு: நீளம் 120 செ.மீ.க்கு மிகக்கூடாது, எடை பெண்களுக்கு 440 கிராமுக்கும், ஆண்களுக்கு 510 கிராமுக்கும் குறையக்கூடாது. கடையில் பெண்களுக்கானது என்று கேட்டு வாங்குங்கள். அந்த எழுபது கிராம் வித்தியாசம் நூறு தடவை வீசிய பிறகு தோளுக்குத் தெரியும். ஆரம்பத்தில் டி-ஷர்ட்டும் டிராக் பேன்ட்டும் போதும். கெய்கோகி என்கிற மேல்சட்டை, ஹகாமா என்கிற அகலமான கீழாடை எல்லாம் தொடர்ந்து வருவீர்கள் என்று உங்களுக்கே தெரிந்த பிறகு வாங்கலாம். வாங்கினால் தனியாகத் துவையுங்கள். நீலச்சாயம் முதல் சில துவைப்புகளுக்கு வீட்டில் இருக்கும் எல்லாத் துணியிலும் ஏறும். போகு என்கிற கவசம்தான் பெரிய செலவு. இயந்திரத் தையலில் 50,000 யென் அளவிலிருந்து ஆரம்பிக்கும், கையால் தைத்தது லட்சக்கணக்கில் போகும். ஆனால் அதைப் போட எப்படியும் பல மாதங்கள் ஆகும். பெரும்பாலான குழுக்களில் பழைய செட் ஒன்று இரவலுக்கு இருக்கும். மற்றவர்களின் வியர்வை ஊறிய கையுறை வாசனையை இப்போதே எச்சரித்துவிடுகிறேன்.

உள்ளூர்க் குழுக்களில் மாதக் கட்டணம் குறைவாக இருப்பதற்குக் காரணம், அங்கே கற்றுக்கொடுப்பவர்கள் அதிகமும் சம்பளம் இல்லாமல் வருகிறவர்கள். போலீஸ்காரர், பள்ளி ஆசிரியர், ஓய்வுபெற்ற கம்பெனி ஊழியர் என்று கலந்து இருப்பார்கள். அதற்கு ஈடாக அவர்கள் கேட்பது நேரத்தை. தரையைத் துடைப்பது, போட்டி நாளில் பிள்ளைகளைக் கூட்டிப்போவது, பெற்றோர் முறைவைத்துச் செய்யும் வேலைகள். உறுப்பினராகச் சேர்ந்தால் இவற்றில் எது கூடும், எது குறையும் என்று இப்போதே கேட்டுவிடுங்கள். கட்டணத்தைவிட இது முக்கியமான கேள்வி. பயிற்சிக்குப் பிறகு பீர் கடையில் கூடுவதும் உண்டு, அதை 'இரண்டாவது தோஜோ' (பயிற்சிக்கூடம்) என்று கிண்டலாகச் சொல்வார்கள். தேநீர் குடித்துக்கொண்டும் உட்காரலாம், யாரும் வற்புறுத்துவதில்லை.

அடி? முதல் சில மாதங்களுக்கு உங்களை யாரும் அடிக்கப்போவதில்லை. நீங்கள் காற்றை அடிப்பீர்கள், பிறகு கவசம் போட்ட மூத்தவர் எதிரில் நின்று தலையைக் காட்டுவார், அவரை அடிப்பீர்கள். தலை, மணிக்கட்டு, விலா, தொண்டை ஆகிய நாலு இடங்கள்தான் இலக்கு. தொண்டையில் குத்துவது ஆரம்பத்தில் கிடையாது. தலைக்கவசத்தின் மேல் விழுகிற அடியில் வலியைவிடச் சத்தம் அதிகம். வலிப்பது தவறி விழும் அடிகள்தான். மணிக்கட்டைக் குறிவைத்து முழங்கைக்கு வந்துவிடும். அப்படி அடிப்பது அநேகமாகப் புதியவர்கள்தான். மூத்தவர்களிடம் அடி வாங்குவது பத்திரமானது. உண்மையான ஆபத்து ஒன்றுண்டு: ஷினாயின் பட்டை பிளந்து சிலாம்பு எழும்பினால் தலைக்கவசத்தின் கம்பி வழியாகக் கண்ணுக்குள் போகலாம். ஒவ்வொரு முறையும் வீசத் தொடங்குவதற்கு முன்னால் நாலு பட்டைகளையும் விரலால் தடவிப் பாருங்கள். மகனுடையதையும்.

மொழிக்கு நீங்கள் வைத்திருப்பதே போதும். ஒவ்வொரு வகுப்பிலும் அதே சில பத்துச் சொற்கள்தான் அதே வரிசையில் திரும்பத் திரும்ப வரும். புரியாவிட்டால் பக்கத்தில் நிற்கும் பத்து வயதுப் பிள்ளையைப் பார்த்துச் செய்யலாம். பிள்ளைகளோடு ஒரே வரிசையில் நிற்கக் கூச்சப்பட்டுப் பெரியவர்களுக்கான வகுப்பைத் தேடி அலைகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. உங்கள் இடது கை நழுவுவதை ஒரு ஜப்பானியப் பெரியவர் மரியாதைக்காகச் சொல்லாமல் விட்டுவிடலாம், பத்து வயதுப் பெண் விடமாட்டாள்.

சரி, பின்குறிப்புக்கு வருவோம். ஆமாம், கட்டாயம்.

போட்டியில் ஒரு புள்ளி எப்படிக் கிடைக்கிறது என்று பாருங்கள். ஷினாயின் உரிய பகுதி, எதிராளியின் உரிய இடத்தில், வாளின் வெட்டுவாய் திசை பிசகாமல் பட வேண்டும். அது மட்டும் போதாது. நிமிர்ந்த உடம்போடு, முழு ஊக்கத்தோடு அடித்திருக்க வேண்டும். அடித்து முடித்த பிறகும் கவனம் தளரக்கூடாது. மூன்று நடுவர்கள் சிவப்பு, வெள்ளைக் கொடிகளோடு நிற்பார்கள். பொதுவாக இரண்டு பேராவது கொடி தூக்க வேண்டும். அந்த ஊக்கம் அவர்களுக்குத் தெரிவது முக்கியமாகக் குரலில்தான். உச்சந்தலையில் அழகாக ஓர் அடி விழுந்தும் வாய் திறக்கவில்லை என்றால் கொடி எழாது. அதே சமயம், புள்ளி கிடைத்த சந்தோஷத்தில் கையை உயர்த்தித் துள்ளினால் கொடுத்த புள்ளியையே திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்கிறது விதி. கத்தச் சொல்லும் விளையாட்டு, கொண்டாடக் கூடாது என்றும் சொல்கிறது. கெண்டோவில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

குரலை எடுத்துவிட்டு நடத்திப் பார்க்காமலும் இல்லை. போருக்குப் பிறகு அமெரிக்க ஆக்கிரமிப்புக் காலத்தில் கெண்டோ தடைசெய்யப்பட்டபோது, 1950 வாக்கில் 'ஷினாய் கியோகி' என்ற பெயரில் அதை ஒரு மேற்கத்திய விளையாட்டுபோல மாற்றினார்கள். ஹகாமாவுக்குப் பதில் சட்டையும் கால்சட்டையும், கூச்சலுக்கும் தடை. ஆக்கிரமிப்பு முடிந்து 1952-ல் அகில ஜப்பான் கெண்டோ சம்மேளனம் அமைந்த பிறகு பழைய கெண்டோ அதன் சத்தத்தோடு திரும்பி வந்தது, மற்றது கொஞ்ச காலத்தில் மறைந்துவிட்டது. 2020-ல் கொரோனா வந்தபோது குரல்தான் பெரிய கவலையாக இருந்தது. அப்போதும் சம்மேளனம் குரலை ஒரேயடியாக எடுத்துவிடவில்லை. தலைக்கவசத்துக்குள் முகக்கவசம் கட்டி, வாய்க்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் தடுப்பையும் வைத்துக்கொண்டு பழகச் சொன்னார்கள்.

இத்தனை பிடிவாதம் ஏன் என்பது பழகினால் உடம்புக்கே தெரியும். வாயை மூடிக்கொண்டு அடிப்பவர்கள் தங்களை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். மூச்சைப் பிடித்ததும் தோள் ஏறும். தோள் ஏறினால் வலது கை இறுகிவிடும். கெண்டோவில் வேலை செய்ய வேண்டியது இடது கை, வலது கை சும்மா வழிகாட்டத்தான். ஆக எல்லாமே தலைகீழாகி ஐந்து நிமிடத்தில் ஆள் களைத்துப்போவார். குரல் கொடுத்தால் மூச்சு தானாக வெளியே போகும், தோள் இறங்கும். முக்கியமாக, பாதியில் தயங்க முடியாது. "மேஏஏன்" ('மென்' என்றால் தலை) என்று தொடங்கிவிட்டால், தலையில் அடித்து எதிராளியைத் தாண்டிப் போய்த் திரும்பி நிற்கும் வரை அதுவே இழுத்துக்கொண்டு போகும்.

உங்களுக்கு ஏன் கூச்சம் என்று எனக்குத் தெரியும். நம் வீடுகளில் பெண்பிள்ளை கொஞ்சம் சத்தமாகச் சிரித்தாலே "என்ன, அடுத்த தெருவுக்குக் கேக்கணுமா" என்பார்கள். அப்படி வளர்ந்துவிட்டு ஜப்பானுக்கு வந்தால் ரயிலில் போன் பேசக்கூடாது, கீழ் வீட்டுக்காரருக்குக் காலடிச் சத்தம் கேட்கக்கூடாது, குழந்தை ஓடினால் அதட்ட வேண்டும். இங்கே ஒரு சுற்று, அங்கே ஒரு சுற்று என்று இரண்டு முறை அடக்கப்பட்ட தொண்டை உங்களுடையது. ஆனால் சுவரோரம் உட்கார்ந்து பார்த்திருப்பீர்களே, லிஃப்டில் தலைகுனிந்து நிற்கிற அதே மனிதர்கள்தான் அரங்கத்துக்குள் வந்ததும் கூரை அதிரக் கத்துகிறார்கள். அங்கே அது முரட்டுத்தனம் இல்லை, வேலை. பத்துப் பேர் ஒரே நேரத்தில் கத்தும் இடத்தில் உங்கள் குரலைத் தனியாக யாரும் கவனிக்கப்போவதுமில்லை. சென்செய் மட்டும் கவனிப்பார். எங்கள் சென்செய் ஒன்றும் சொல்லமாட்டார், காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு நிற்பார், அவ்வளவுதான்.

எடுத்தவுடன் "மென்" என்று கத்த வராது. எண்ணிக்கையில் தொடங்குங்கள். வட்டமாக நின்று ஷினாயை வீசும் சுபுரியில் ஒவ்வொருவரும் முறைவைத்துப் பத்து வரை எண்ண வேண்டும், மற்றவர்கள் அதற்கேற்ப வீசுவார்கள். உங்கள் முறை வரும்போது குரல் சன்னமாக இருந்தால் எதிர்ப்பக்கம் நிற்கிறவருக்குத் தாளம் தப்பும். அப்போது கத்துவது உங்களுக்காக இல்லை என்பதால் சுலபமாக வந்துவிடும். இச்சி, நி, சான் என்று எண்ணிப் பழகிய குரல் சில வாரங்களில் தானாக அடிக்கும்போதும் வரும். வீட்டில் கத்திப் பழகலாம் என்று நினைக்காதீர்கள், அந்தச் சுவர்கள் தாங்காது. அரகாவா ஆற்றங்கரை உங்களுக்குப் பக்கம்தானே.

மகனிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். அரங்கத்தில் அவன்தான் உங்களுக்கு செம்பாய், அதாவது மூத்தவன், நீங்கள் அவனைத் திருத்தக்கூடாது. இது அவனைவிட உங்களுக்குத்தான் கஷ்டமாக இருக்கும். நவம்பர் 3 விடுமுறை நாளில் வழக்கமாக நிப்பன் புதோகான் அரங்கில் அகில ஜப்பான் கெண்டோ போட்டி நடக்கும், இரண்டு பேரும் போய்ப் பாருங்கள். நிஷிகசாயில் தோசாய் ரயிலில் ஏறினால் மாறாமல் குதான்ஷிதாவில் இறங்கலாம். மேல் வரிசையிலிருந்து கேட்டால் ஒரு தொண்டை எவ்வளவு தூரம் போகும் என்று தெரியும்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. கவசம் போடும் காலம் வரும்போது இடுப்பில் 'ஸெக்கென்' என்று ஒரு பெயர்த்துணி மாட்டச் சொல்வார்கள். மேலே குழுவின் பெயர், நடுவில் பெரிய எழுத்தில் குடும்பப்பெயர். பாஸ்போர்ட்டில் கடைசிப் பெயராக இருப்பதைத்தான் ஜப்பானில் குடும்பப்பெயர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். உங்கள் பாஸ்போர்ட்டில் அது அப்பா பெயரோ கணவர் பெயரோ தெரியாது, ஆனால் எதிராளி அதைப் படித்துத்தான் உங்களைக் கூப்பிடுவார். அப்பா பெயர் சுப்ரமணியனாக இருந்துவிட்டால் வெளிநாட்டுப் பெயர்களை எழுதும் கதகனா எழுத்தில் மேலிருந்து கீழாக எழுத இடமும் பற்றாது. தைக்கக் கொடுப்பதற்கு முன்னால் உங்கள் பெயரையே போடலாமா என்று சென்செய்யிடம் கேளுங்கள். ஒரே குடும்பப்பெயரோடு பலர் இருந்தால் அடையாளத்துக்கு முதல் பெயரின் எழுத்தைச் சேர்ப்பது அவர்களுக்கே பழக்கம் என்பதால் விஷயம் அவருக்கு உடனே புரியும்.

அன்புடன்,
அக்கா