படம் கெடாமல் கோப்பை இளைக்க வைப்பது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வில்லியனூரில் நாங்கள் செய்யும் சுடுமண் பொம்மைகளை விற்பதற்கு என் மகன் ஓர் இணையதளம் அமைத்துக் கொடுத்திருக்கிறான். கைப்பேசியில் எடுக்கும் படங்களை ஒளி, நிறம் திருத்தி, ஜேபெக்கில் தரம் 100 என்று வைத்துச் சேமிக்கிறேன். ஒவ்வொரு படமும் எட்டு, ஒன்பது எம்பி வருகிறது. பக்கம் திறக்க வெகுநேரம் ஆகிறது என்று வாடிக்கையாளர்கள் குறைப்படுகிறார்கள். தரத்தைக் குறைத்தால் வேலைப்பாட்டின் நுணுக்கம் மறைந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன்.
– ஒரு வாசகி, வில்லியனூர்

பதில்: தரத்தில் கை வைப்பதற்கு முன்னால் படத்தின் நீள அகலத்தைப் பாருங்கள். உங்கள் கைப்பேசி 4000க்கு 3000 பிக்சல் அளவில் படம் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு படத்தில் 1 கோடியே 20 லட்சம் பிக்சல்கள் இருக்கின்றன. அதைப் பார்க்கிறவரின் கைப்பேசித் திரையோ பெரும்பாலும் 1080 பிக்சலை ஒட்டிய அகலம் கொண்டது. மிச்சமுள்ள பிக்சல்கள் அனைத்தும் அவருடைய டேட்டாவைச் செலவழித்து வந்து சேர்ந்து, திரையில் இடமில்லாமல் வீணாகின்றன. படத்தை 1600க்கு 1200 என்று சிறிதாக்கினால் பிக்சல்களின் எண்ணிக்கை 19 லட்சத்து 20 ஆயிரமாக, அதாவது முன்பிருந்ததில் ஆறில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். பொம்மையைப் பெரிதாக்கிப் பார்க்க விரும்புகிறவருக்கும் இந்த அளவு போதும். படத்தைச் சிறிதாக்கும்போது விளிம்புகள் சற்று மழுங்கும் என்பதால், சிறிதாக்கிய பிறகு ‘ஷார்ப்பன்’ கருவியை மிக மிதமாக ஒரு முறை பயன்படுத்துங்கள். அதற்கு முன்னால் பயன்படுத்தினால் பலன் இராது.

இனி தரம். ஜேபெக்கின் 100 என்ற எண்ணைப் பலரும் நூறு விழுக்காடு என்று எண்ணிக்கொள்கிறார்கள். அது விழுக்காடு அன்று. எவ்வளவு தகவலைக் கழிக்கலாம் என்று மென்பொருளுக்குச் சொல்லும் ஓர் அளவுகோல் மட்டுமே. மென்பொருளுக்கு மென்பொருள் அது மாறுபடவும் செய்கிறது. ஃபோட்டோஷாப்பின் சேமிப்புப் பெட்டியிலேயே ஓரிடத்தில் 12 வரையிலும் வேறோரிடத்தில் 100 வரையிலும் அந்த அளவு போகிறது. 100 வைத்தாலும் ஜேபெக் சிறிதளவு தகவலை இழக்கவே செய்யும்; ஆனால் கோப்பு மட்டும் பருத்துவிடும். 1992இல் தரநிலையாக வந்த இந்த முறை, படத்தை 8க்கு 8 பிக்சல் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் நம் கண் எளிதில் கவனிக்காத நுண்ணிய மாறுதல்களைக் கழித்து எழுதுகிறது. கழிவு அளவோடு இருக்கும்வரை நமக்குத் தெரிவதில்லை. மிஞ்சும்போது அந்தக் கட்டங்களே திரையில் தெரியத் தொடங்குகின்றன. புகைப்படங்களுக்கு 75 முதல் 85 வரை வைப்பது நல்ல தொடக்கம். 1600 பிக்சல் அகலப் படம் இந்தத் தரத்தில் பொதுவாக 200 முதல் 400 கேபிக்குள் அடங்கும்.

எண்ணை நம்பி விட்டுவிடாமல் கண்ணால் பார்த்து முடிவு செய்வதுதான் என் பரிந்துரை. கிம்ப் மென்பொருளின் ஏற்றுமதிப் பெட்டியில் முன்னோட்டத்தை இயக்கினால் தரத்தை நகர்த்த நகர்த்தக் கோப்பின் அளவும் படத்தின் மாற்றமும் உடனே தெரியும். உலாவியிலேயே இயங்கும் ஸ்க்வூஷ் என்ற இலவசக் கருவியில் மூலப் படமும் சுருக்கிய படமும் நடுவில் ஒரு கோட்டுடன் அருகருகே நிற்கும். மண் குதிரையின் காது வெள்ளைத் துணியின் மீது முடிகிற விளிம்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். அந்த விளிம்பைச் சுற்றி வெள்ளையில் சாம்பல் புள்ளிகள் மொய்க்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, இரண்டு மூன்று எண் மேலே ஏற்றிச் சேமியுங்கள். பொம்மையின் உடலில் உள்ள சொரசொரப்பு எத்தனையோ பிழைகளை மறைத்துவிடும். வெறுமையான பின்னணிதான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

உங்கள் தளம் வெப்பி வடிவத்தை ஏற்குமானால் அதையே பயன்படுத்துங்கள். 2010இல் கூகுள் வெளியிட்ட இவ்வடிவம், நிகரான தரத்தில் ஜேபெக்கைவிட 25 முதல் 34 விழுக்காடு வரை சிறியது என்பது அந்நிறுவனத்தின் ஆய்வு முடிவு. 2020இல் சஃபாரியும் ஏற்றுக்கொண்ட பிறகு இன்று புழக்கத்தில் உள்ள உலாவிகள் எல்லாவற்றிலும் அது திறக்கிறது. கோப்பின் பெயரில் ஜேபெக் விகுதியை அழித்துவிட்டு வெப்பி என்று எழுதினால் வடிவம் மாறிவிடும் என்று சிலர் கருதுகிறார்கள். அப்படி மாறாது, ஏற்றுமதி செய்தே ஆக வேண்டும். வெப்பிக்கும் இளைய வடிவமான ஏவிஐஎஃப் இன்னும் சிறிய கோப்பைத் தரும் என்றாலும் சேமிக்க அதிக நேரம் எடுத்துக்கொள்கிறது. நாள்தோறும் பல படங்களை ஏற்றுகிற உங்களுக்கு இப்போதைக்கு வெப்பி போதுமானது.

இவை அனைத்துக்கும் அடிப்படையாக ஒன்றைக் கட்டாயம் கடைப்பிடியுங்கள். திருத்திய படத்தை முதலில் அந்த மென்பொருளின் சொந்த வடிவத்தில், கிம்ப் என்றால் எக்ஸ்சிஎஃப், ஃபோட்டோஷாப் என்றால் பிஎஸ்டி என்று, முழு அளவில் வைத்துக்கொள்ளுங்கள். இணையத்துக்கான நகலை எப்போதும் அதிலிருந்தே எடுங்கள். நேற்று ஏற்றிய ஜேபெக்கைத் திறந்து, நிறத்தைத் தொட்டு, மறுபடி ஜேபெக்காகவே சேமித்தால், ஏற்கெனவே கழிந்ததன் மேல் இன்னொரு கழிவு நிகழ்கிறது. பலமுறை இப்படிச் செய்த படத்தை எந்தக் கருவியாலும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது.

கேள்வி: திருமண வரவேற்புப் படத்தின் மேல் தமிழில் பெயர்களைச் சிவப்பு எழுத்தில் பதித்துச் சேமித்தால் எழுத்தின் ஓரங்கள் கலங்கித் தெரிகின்றன. பிஎன்ஜியில் சேமித்தால் தெளிவாக இருக்கிறது, ஆனால் கோப்பு மிகப் பெரிதாகிறது. சுருக்க அளவை 9 வைத்தால் தரம் குறையுமா?
– ஒரு வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: குறையாது. பிஎன்ஜியில் உள்ள 0 முதல் 9 வரையிலான எண், கோப்பை இறுக்கிக் கட்டக் கணினி எவ்வளவு முயல வேண்டும் என்பதைக் குறிக்கிறதே ஒழிய, தரத்தைக் குறிப்பதில்லை. அச்சமின்றி 9 வையுங்கள். ஆனால் பிஎன்ஜி ஒரு பிக்சலையும் விட்டுக்கொடுக்காத வடிவம் என்பதால், முகங்களும் பூ அலங்காரமும் நிறைந்த புகைப்படத்தை அதனால் பெரிதாகச் சுருக்க இயலாது. சின்னம், வரைபடம், ஒரே நிறப் பின்னணியில் எழுத்து ஆகியவற்றுக்கே அது ஏற்றது.

எழுத்து கலங்குவதன் காரணம் வேறு. மனிதக் கண் ஒளி வேறுபாட்டை அறியும் கூர்மையோடு நிற வேறுபாட்டை அறிவதில்லை என்பதால், ஜேபெக் வழக்கமாக நிறத் தகவலை நீளத்திலும் அகலத்திலும் பாதியாக்கிவிடுகிறது. முகத்தில் இது தெரியாது. அடர்சிவப்பு எழுத்து மஞ்சள் அல்லது பச்சைப் பின்னணியைத் தொடும் ஓரத்தில், அதிலும் ‘ணி’, ‘கு’ போன்ற வளைவு மிகுந்த எழுத்துகளில், பளிச்சென்று தெரிந்துவிடும். ஏற்றுமதிப் பெட்டியின் கூடுதல் அமைப்புகளில் ‘சப்சாம்ப்ளிங்’ என்ற இடத்தில், நிறத் தகவலைக் குறைக்காமல் விடும் 4:4:4 என்பதைத் தேர்ந்தெடுத்து, தரத்தை 90 அளவில் வையுங்கள். கோப்பு சற்றுக் கூடினாலும் பிஎன்ஜியைவிடச் சிறியதாகவே இருக்கும். வெப்பியின் வழக்கமான இழப்புச் சுருக்கத்தில் இந்தத் தேர்வு கிடையாது. எனவே உங்கள் வேலைக்கு ஜேபெக்கே பொருத்தமானது.

கேள்வி: தேவனாம்பட்டினம் கடற்கரையில் கேமராவில் எடுத்த சூரிய உதயப் படங்கள் என் கணினியில் செந்நிறம் பொங்கத் தெரிகின்றன. இணையத்தில் ஏற்றியதும் வெளிறிப்போகின்றன. வானத்திலும் பட்டை பட்டையாகக் கோடுகள் தெரிகின்றன.
– ஒரு கல்லூரி மாணவர், கடலூர்

பதில்: உங்கள் கேமராவில் நிறவெளி, அதாவது படம் காட்டக்கூடிய நிறங்களின் வரம்பு, அடோபி ஆர்ஜிபி என்று இருக்கிறதா என்று பாருங்கள். அது அச்சுக்கு உகந்த விரிந்த நிறவெளி. படத்தோடு செல்லும் நிறக்குறிப்பை ஏற்றும் தளம் நீக்கிவிட்டால், உலாவி படத்தின் நிற எண்களை, இணையத்தில் வழக்கமான, குறுகிய நிறவெளியான எஸ்ஆர்ஜிபி என்று கருதிக் காட்டும். நிறம் வெளிறுவது இதனால்தான். திருத்தி முடித்ததும் படத்தை எஸ்ஆர்ஜிபிக்கு ‘கன்வர்ட்’ செய்து சேமியுங்கள். பக்கத்திலேயே இருக்கும் ‘அசைன்’ என்பதை அழுத்தினால் எண்கள் மாறாமல் பெயர் மட்டும் மாறி, அதே வெளிறல் நிகழும்.

வானத்துப் பட்டைகளுக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகளே உண்டு. மெல்ல மாறுகிற உதய வானத்தின் மாறுபாட்டை அதில் வலிந்து உயர்த்தினால் படிகளுக்கிடையே இடைவெளி விழும். கேமரா பதப்படுத்தாமல் தரும் ரா கோப்பிலிருந்து, நிறப் படிகள் மிக அதிகமான 16 பிட்டில் திருத்தி, கடைசியில் மட்டும் ஜேபெக்குக்கு வந்தால் இது பெருமளவு குறையும். மற்றொன்று மிகையான சுருக்கம். இத்தகைய படங்களுக்கு மட்டும் தரத்தை 88, 90 என்று ஏற்றிக்கொள்ளத் தயங்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் வீட்டு மாடித் தோட்டப் படங்களை இணையத்தில் பகிர்ந்தால் வீட்டின் இடம் பிறருக்குத் தெரிந்துவிடும் என்கிறார்களே, உண்மையா?
– ஒரு வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: கைப்பேசிக் கேமராவில் இருப்பிட அனுமதி கொடுத்திருந்தால், எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் எக்சிஃப் குறிப்பாகப் படக்கோப்பிலேயே பதிந்திருக்கும். சில தளங்கள் அதை நீக்கிவிடுகின்றன, சில நீக்குவதில்லை. சேமிக்கும்போது கிம்ப்பில் ‘எக்சிஃப்’ தேர்வை எடுத்துவிட்டால் அக்குறிப்பு நகலில் இராது. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பும்போது நீங்கிவிடும் இக்குறிப்பு, அதே படத்தை ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும்.