பார்த்த ஊருக்கே மறுபடி போவது வீண் செலவா?

ஒருமுறை சுற்றிப் பார்த்த ஐரோப்பியத் தலைநகருக்கே திரும்பவும் காசு செலவழித்துப் போவதில் என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னாவை வைத்துச் சொல்கிறேன். எனக்கு அந்த ஊர் மேல் பாசம் அதிகம், நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

முதல் பயணத்தில் ஷோன்புருன் அரண்மனை, ஸ்டீஃபன் பேராலயம், கிளிம்ட் வரைந்த ‘முத்தம்’ ஓவியம், 1897-இல் நிறுவிய ராட்சச ராட்டினம் என்று ஓடி ஓடிப் பார்த்தாயிற்று. மறுபடி போகும்போது ‘இதை விட்டுவிட்டோமே’ என்ற பதற்றம் இல்லை. எனக்குப் பெரிய லாபம் அதுதான். எதையும் பாதியில் விட்டுவிட்டு வரலாம். கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் சீட்டு வாங்கிக்கொண்டு நேரே பதினாறாம் நூற்றாண்டு ஓவியர் புரூகலின் அறைக்குப் போனேன். அதை மட்டும் பார்த்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். அவருடைய ஓவியங்கள் இத்தனை ஒரே இடத்தில் இருப்பது உலகத்தில் அங்கேதான். 1565-இல் வரைந்த ‘பனியில் வேட்டைக்காரர்கள்’ முன்னால் வெகுநேரம் நின்றிருந்தேன். வேட்டையில் பெரிதாக ஒன்றும் சிக்கவில்லை. நாய்கள்கூடத் தலையைத் தொங்கப்போட்டு நடக்கின்றன. இடது ஓரத்தில் ஒரு விடுதியின் பெயர்ப்பலகை ஒற்றைக் கொக்கியில் தொங்குகிறது, அதன் கீழே நெருப்பு மூட்டிக்கொண்டிருக்கிறார்கள். தூரத்தில் உறைந்த குளத்தில் ஜனங்கள் சறுக்கி விளையாடுகிறார்கள். முதல் தடவை இந்தப் படத்துக்கு நான் கொடுத்தது ஒரு போட்டோ எடுக்கிற நேரம்தான்.

அப்புறம் காபிக் கடை. ஒரு மெலாஞ்சு (நுரைத்த பால் சேர்த்த காபி) சொல்லிவிட்டு, மரச்சட்டத்தில் கோத்து வைத்த செய்தித்தாளைப் புரட்டியபடி மதியம் முழுக்க உட்காரலாம். நாம் கேட்காமல் பில் வராது. சில பரிமாறுபவர்கள் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். அதுவும் அந்த ஊர் வழக்கம்தான் என்று விட்டுவிட வேண்டும். காபியோடு சின்னத் தட்டில் ஒரு தம்ளர் குழாய்த் தண்ணீரும் வரும். ஆல்ப்ஸ் மலை ஊற்றுத் தண்ணீர் அது. 1873-இல் ஒரு நெடுங்கால்வாய், 1910-இல் இன்னொன்று என்று கட்டி, மலையிலிருந்து சரிவின் வாட்டத்திலேயே நகரத்துக்கு இறக்கிவிட்டார்கள். கேன் தண்ணீர் வாங்கிப் பழகிய நமக்கு அந்தத் தம்ளரே ஒரு சுற்றுலாத் தலம்.

சாயங்காலம் டி எண் டிராமில் ஏறி கடைசி நிறுத்தமான நுஸ்டார்ஃப் வரை போங்கள். நகர எல்லைக்குள்ளேயே திராட்சைத் தோட்டங்கள் தொடங்கிவிடும். இசைமேதை பீத்தோவன் நடந்த ஓடைக்கரைப் பாதை நிறுத்தத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தோட்டக்காரர்கள் தங்கள் ஒயினைத் தாங்களே விற்கலாம் என்று 1784-இல் இரண்டாம் ஜோசப் பேரரசர் அனுமதி கொடுத்ததிலிருந்து நடக்கிற ‘ஹொய்ரிகர்’ கடைகளும் இங்கே உண்டு. வாசலில் பச்சைக் கிளை தொங்கினால் கடை திறந்திருக்கிறது என்று அர்த்தம். குடிக்காதவர்களுக்குத் திராட்சைச் சாறு, சைவக்காரர்களுக்கு ரொட்டியும் காரமான லிப்டவர் பாலாடைக்கட்டியும் கிடைக்கும்.

இசை பிடிக்குமென்றால் அரசு ஆபரா (இசை நாடக) அரங்கில் நின்று பார்க்கும் சீட்டு வாங்குங்கள், விலை கொஞ்சம்தான். கம்பியில் துண்டைக் கட்டி இடம் பிடிக்கிற வழக்கம் அங்கேயும் இருக்கிறது! கால் வலித்தால் இடைவேளையில் கிளம்பிவிடலாம், யாரும் கேட்கப்போவதில்லை.

செலவைப் பற்றி ஒரு விஷயம். இந்தியாவில் வசிக்கும் இந்தியர்களுக்கு 2024 ஏப்ரலில் ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) விதியைத் தளர்த்தினார்கள். கடந்த மூன்று வருடத்தில் இரண்டு விசா வாங்கி ஒழுங்காகப் பயன்படுத்தியிருந்தால், பொதுவாக இரண்டு வருடத்துக்குப் பலமுறை போய்வரும் விசா கிடைக்கும். அது கையில் இருந்தால், ரோமுக்கோ பாரிசுக்கோ போகிற வழியில் வியன்னாவில் சும்மா இரண்டு நாள் இறங்கிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் மட்டும் யோசித்து இறங்குங்கள், அன்று பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையங்களில் இருக்கிற கடைகள்தான் கதி.