எந்தப் பத்தாண்டின் பாப் இசை சிறந்தது?

என் பதில் 1970-கள். பதின்வயதில் கேட்ட பாட்டுதான் பலருக்கும் உசத்தி, அதனால் இந்தச் சண்டை லேசில் தீராது. ஆனால் காதாலேயே சரிபார்க்கக்கூடிய காரணம் ஒன்று உண்டு. ஒலிப்பதிவு நாடாவில் 16 தடங்கள் (ஒவ்வொரு ஒலியையும் தனியாகப் பதியும் வரிசைகள்), அப்புறம் 24 தடங்கள் என்று வசதி பெருகியது. ஒரே ஆள் கருவிகளை ஒவ்வொன்றாக வாசித்து அடுக்குவது எளிதாயிற்று. அமெரிக்கப் பாடகர் ஸ்டீவி வொண்டரின் ‘சூப்பர்ஸ்டிஷன்’ (1972) கேளுங்கள்: டிரம்ஸ், கிளாவினெட் என்ற மின்விசைப்பலகை, மூக் சின்தசைசர் என்ற மின்னணுக் கருவியில் பேஸ் (அடித்தள ஒலி), குரல் எல்லாம் அவரே. தாளம் இம்மி முன்பின்னாக அசைகிறது. அதைத் தட்டி நேராக்க அன்று கணினி இல்லை. அந்த அசைவுதான் பாட்டின் உயிர்.

டிஸ்கோ, பங்க், ஹிப்-ஹாப் ஆகிய இசை வகைகள் உருவானதும் அப்போதுதான். 1960-கள் என்பவர்களோடும் எனக்குச் சண்டையில்லை: குறைந்த வசதியிலும் நல்ல பாட்டு வந்தது; 1967-ல்கூட பீட்டில்ஸ் நான்கு தடக் கருவியில்தான் பதிவு செய்தார்கள்.