கேட்டதும் சொன்னதும்: கோடு போட மூன்று வாரமா?

என் மகள் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் ஆண்டு. கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் என்றதும் அனிமேஷன் சொல்லித்தருவார்கள் என்று துள்ளிக்குதித்தாள். மூன்று வாரமாகக் கோடு போடத்தான் சொல்லித்தருகிறார்களாம். கோடு போட ஒரு பாடமா?
- ஒரு தாய், திண்டுக்கல்

கோபப்படாதீர்கள் அம்மா, இருபது வருஷம் அந்தக் கோட்டைப் போட்டுக் காட்டிச் சம்பளம் வாங்கியவன் நான். திரையில் கோடு என்று ஒன்று கிடையாது, வெறும் கட்டங்கள்தான். எந்தெந்தக் கட்டத்தை நிரப்பினால் கோடு மாதிரித் தெரியும் என்பதே பாடம்.

ஒரு கட்டம் போட்ட நோட்டை எடுங்கள். இடது கீழ் மூலைக் கட்டத்தில் தொடங்கி, வலப்பக்கம் 5, மேலே 2 தள்ளியிருக்கும் கட்டத்துக்குப் போகவேண்டும். 2-ஐ இரட்டித்து 5-ஐக் கழித்தால் -1. இதைக் கையிருப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். கையிருப்பு மைனஸ் என்றால் அதே வரிசையில் ஒரு கட்டம் வலப்பக்கம் போய், 4 கூட்டுங்கள். மைனஸ் இல்லையென்றால் வலப்பக்கம் போவதோடு ஒரு வரிசை ஏறி, 6 கழியுங்கள். கையிருப்பு -1, 3, -3, 1, -5 என்று வரும். அதாவது நேரே, ஏறு, நேரே, ஏறு, நேரே. ஐந்தாவது அடியில் சேரவேண்டிய கட்டத்தில் நிற்பீர்கள். பின்னமும் இல்லை, வகுத்தலும் இல்லை! ஐபிஎம் கம்பெனியில் இருந்த பிரெசன்ஹாம், காகிதத்தில் பேனாவால் வரையும் பிளாட்டர் என்ற இயந்திரத்தில் கோடு வரைவதற்காக 1962-ல் கண்டுபிடித்த வழி இது. அன்றைய கம்ப்யூட்டருக்குப் பின்னக் கணக்கு என்றால் மூச்சு வாங்கும்.

ஆனாலும் மூன்று வாரம் அதிகம்தான். இரண்டு வகுப்பு போதும், மீதியைப் படத்தை நகர்த்தவும் திருப்பவும் உதவும் எண் அட்டவணையான மேட்ரிக்ஸுக்குக் கொடுக்கலாம். பையன்கள் வழுக்கி விழுவது அங்கேதான்.

லேபில் வீடு வரைந்தேன், கூரை கீழே வருகிறது. எங்கே தப்பு?
- ஒரு மாணவர், கரூர்

எங்கேயும் இல்லை தம்பி. நான் பாடம் எடுத்த முதல் வருஷம், புரோகிராம் எழுதும் டர்போ சி-யில் என் வீடும் அப்படித்தான் தலைகீழாக நின்றது. கடைசி பெஞ்சில் ஒருவன் "சார், வௌவால் வீடு" என்றான். கணக்கு நோட்டில் y மேல்நோக்கி ஏறும். திரையிலோ இடது மேல் மூலைதான் பூஜ்யம், y கீழே இறங்கும். 640-க்கு 480 திரை என்றால் y-க்குப் பதிலாக 479 - y போடுங்கள். அப்புறம் ஓபன்ஜிஎல் என்ற கிராஃபிக்ஸ் மென்பொருளுக்குப் போகும்போது இந்தத் திருத்தத்தை மறக்காமல் எடுத்துவிடுங்கள், அங்கே y மேலேதான் ஏறும். எடுக்காவிட்டால் மறுபடியும் வௌவால்தான்.

கிராஃபிக்ஸ் புத்தகங்களில் எல்லாம் ஏன் ஒரு டீ கெட்டில்?
- ஒரு வாசகர், மதுரை

யூட்டா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் நியூவெல் என்பவர் 1975-ல் வரைய ஒரு பொருள் தேடியபோது, வீட்டு டீ பாட்டையே வரையச் சொன்னவர் அவர் மனைவி. வளைவு, பிடி, மூக்கு, தன் மேலேயே விழும் நிழல் என்று சோதிக்கவேண்டிய எல்லாம் அதில் இருக்கிறது. முதலில் வந்த மாடலில் அடிப்பாகம் மட்டும் கிடையாது, டீ ஊற்றியிருந்தால் மேஜையில்தான்.