கலப்பது பூவிலா, களத்திலா? நாட்டு விதை, நாட்டு மாடு கேள்வி-பதில்

விதைத் திருவிழாவில் எட்டு நெல் ரகம் வாங்கினேன். அரை ஏக்கரில் எல்லாவற்றையும் நட்டால் கலந்துவிடுமா?
– திருவாரூர் வாசகர்

நெல் தன் மகரந்தத்திலேயே மணி பிடிக்கும் பயிர். ரகத்துக்கு ரகம் மூன்று மீட்டர் விட்டால் போதும். கலப்பு பெரும்பாலும் களத்தில்தான் நடக்கிறது. கருப்புக் கவுனி அடித்த தார்ப்பாயை உதறாமல் அதிலேயே கிச்சிலிச் சம்பாவை அடிப்போம். சாக்குத் தையலில் பத்து மணி ஒட்டிக்கொண்டிருக்கும். பூக்கும்போது ஒருமுறை, கதிர் முற்றும்போது ஒருமுறை வயலில் இறங்கி, உயரத்திலும் நிறத்திலும் மாறி நிற்கும் கலவன்களைப் பிடுங்குங்கள்.

என்னைக் கேட்டால், இரண்டு ரகம் போதும். மீதியைப் பக்கத்து வயல்காரர்களிடம் கொடுங்கள். பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டெடுத்த நெல் ஜெயராமன் உழவர்களுக்கு இரண்டு கிலோ விதை கொடுத்து, மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பி வாங்கியது சும்மா இல்லை. ஒரு வயலில் வெள்ளம் வந்தாலும் இன்னொரு வயலில் ரகம் இருக்கும்.

பாட்டி காலத்துப் பரங்கி விதை. இந்த வருஷம் காய் வேறு மாதிரி வருகிறதே?

தேனீயின் வேலை. போன வருஷமே கலந்துவிட்டது. பழைய விதை மிச்சமிருந்தால் அதையே போடுங்கள். மறுநாள் விரியப்போகும் ஆண், பெண் மொட்டுகளை (அடியில் குட்டிப் பிஞ்சு இருந்தால் பெண்) மாலையிலேயே நூலால் கட்டிவிடுங்கள். விடிந்ததும் ஆண் பூவின் இதழைக் கிள்ளிவிட்டுப் பெண் பூவில் தடவி, திரும்பக் கட்டி, காம்பில் சிவப்பு நூல் சுற்றுங்கள். அந்தக் காயைச் சமையலுக்குப் பறித்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் கஷ்டம்!

உம்பளச்சேரி பசு சிவப்பாகக் கன்று போட்டிருக்கிறது. கலப்பா?

இல்லை, பயம் வேண்டாம். ஆறேழு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறும். கிடேரியாக இருந்தால், பிறகு அதன் தகப்பன் காளைக்கே சேர்க்காதீர்கள்.

குட்டையோரம் முளைக்கும் காட்டு நெல் வெறும் களைதானே?

வயலுக்குள் வந்தால் களை. மணி உதிர்வதற்குள் பிடுங்கிவிடுங்கள். குட்டையில் நிற்பதை விட்டுவிடுங்கள். நெல்லைப் புல்போலக் குட்டையாக்கும் வைரஸ் நோய்க்கு ஆயிரக்கணக்கான ரகங்களைச் சோதித்தும் எதிர்ப்பு கிடைக்காமல், கடைசியில் உத்தரப்பிரதேசத்தில் சேகரித்த நிவாரா என்ற காட்டு நெல்லில்தான் கிடைத்தது. 1976-இல் வந்த ஐ.ஆர். 36 நெல் ரகம் அதை வைத்து உருவானதே.

நான் எடுத்த விதையை விற்கலாமா?

தாராளமாக. பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம், 2001 அதை அனுமதிக்கிறது. அந்தச் சட்டத்தில் பதிவாகிப் பாதுகாக்கப்பட்ட ரகத்தை மட்டும் பிராண்ட் பெயர் போட்டு விற்கக் கூடாது.